என் பெயர் ஒட்டிய டப்பா

ஜனவரி 1

பொங்கலுக்குப் புதுத்துணி கேட்டோம். கோதண்டம் ஆளுக்கு ஒரு டைரி கொடுத்தார். அட்டையில் அவருடைய கம்பெனிப் பெயர், சிரித்த முகத்தோடு அவர் படம், கீழே தங்க எழுத்தில் 'பாதுகாப்பே முதல் கடமை'.

கோதண்டம் எங்கள் கான்ட்ராக்டர். எண்ணெய்க் கிடங்குகளில் நிற்கும் பெரிய டேங்க்குகளின் அடியில் கச்சா எண்ணெய்க் கசடு சேறு மாதிரி தங்கும். அதை அள்ளுவதற்கு ஆள் அனுப்புகிறவர். அந்த ஆள் நாங்கள் ஏழு பேர். எல்லாரும் ஒரே குப்பம். தேசிங்கு அண்ணன் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னாடா எழுதறது? இன்னிக்கி வாரினேன், நாளைக்கிம் வாருவேன்னா?" என்று கேட்டார். அவர் டைரி பெண் பிள்ளைகளுக்குப் படம் போடப் போய்விட்டது. நான் பாலிடெக்னிக்கில் ஒன்றரை வருஷம் பெஞ்சைத் தேய்த்தவன். எனக்கு எழுத வரும்.

நாங்கள் மீன்பிடிக்கிற ஜாதி. நாலு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் இருந்து கொட்டிய எண்ணெய் முகத்துவாரம் வழியாகக் குப்பத்துக்குள் வந்தது. வலை, படகு, நண்டு வளை, எல்லாம் கறுப்பு. எங்கள் மீனை நாய்கூட மோந்து பார்க்கவில்லை. எண்ணெயை அள்ள ஆள் வேண்டும் என்று வாளியோடு வந்தவர்கள் எங்களையே கூப்பிட்டார்கள். வெறுங்கையால் அள்ளினோம். கரையில் நின்று பார்த்த கோதண்டம், நன்றாக அள்ளுகிறீர்களே என்று மெச்சி, எங்களை டேங்க்குக்கு எடுத்துக்கொண்டார். அந்த வருஷமே எனக்கும் சுகந்திக்கும் கல்யாணம். நகக்கண்ணில் கறுப்போடுதான் தாலி கட்டினேன்.

குழந்தை இல்லை. அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 7

பெரிய டேங்க். பக்கவாட்டில் இருக்கும் வட்டத் துளை வழியாகக் குனிந்து உள்ளே போக வேண்டும். வெளியே மார்கழிக் குளிர், உள்ளே இட்லிச் சட்டி. முழங்கால்வரை கசடு. இரண்டு பேர் வாரி வாளியில் போட, மற்றவர்கள் கைமாற்றி வெளியே கொடுத்தோம். முகமூடி கொடுத்திருக்கிறார்கள், போட்டால் மூச்சு முட்டும், கழற்றினால் தலை சுற்றும். சுற்றுவதை நாங்கள் "ஏறிடுச்சு" என்போம். தேசிங்கு அண்ணன் வெளியே வந்து உட்கார்ந்து, "ஓசியில ஒரு கட்டிங் வுட்ட மாதிரி கீதுடா" என்று சிரித்தார். எனக்கு இரண்டு முறை வாந்தி.

வேலை முடிந்ததும் வழக்கம்போல் டீசல் குளியல். பாதியாக வெட்டிய பீப்பாயில் டீசல் நிறைத்து வைத்திருப்போம். கசடு சோப்புக்கு மசியாது, டீசலுக்குத்தான் மசியும். பஞ்சில் தோய்த்து கழுத்து, வயிறு, தொடை, இடுப்புக்குக் கீழே என்று ஒரு இடம் விடாமல் தேய்த்துக்கொள்வோம். ஜட்டிவரை ஊறியிருக்கும். டீசல் போட்டால் தோல் பளபளவென்று வரும். அப்புறம் தேங்காயெண்ணெய், அப்புறம் சோப்பு. எங்கள் அளவுக்குச் சுத்தமாக வீட்டுக்குப் போகிற கூலிக்காரன் இந்த ஊரிலேயே கிடையாது.

சுகந்தி என் துணிக்கென்று தனி வாளி வைத்திருக்கிறாள். இன்றைக்கு மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு துவைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜனவரி 22

சுகந்தி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்தாள். காலையில் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, அந்தக் கூடையோடே வரிசையில் நின்றிருக்கிறாள். ஸ்கேன், ரத்தம், எல்லாம் பார்த்துவிட்டார்களாம்.

"எங்கிட்ட ஒரு கொறையும் இல்லியாம். உன்ன கூட்டினு வரச் சொல்றாங்க அந்த டாக்டரம்மா."

நான் பதில் சொல்வதற்குள் அம்மா அடுப்படியில் இருந்து, "ஆம்பளைக்கு இன்னாடி டெஸ்ட்டு? எங்க வம்சத்துல எவனுக்கும் கொற கெடையாது" என்றாள். எங்கள் வம்சத்தில் யாரும் சோதித்துப் பார்த்ததும் கிடையாது. அதை நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

தேரடிப் பக்கத்தில் ஒரு லேப் இருக்கிறது. போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 5

அந்த லேப் சரியில்லை. பொறுப்பான ஆள் யாரும் அங்கே இல்லை. பல்லில் கிளிப் போட்ட ஒரு பெண் செல்போன் பார்த்துக்கொண்டே ரிப்போர்ட்டை நீட்டினாள். இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லையாம், இருப்பதிலும் பாதிக்கு உருவம் சரியில்லையாம். டாக்டரைப் பாருங்கள் என்றாள். அவளுக்கு எண்ணத் தெரியவில்லை போலிருக்கிறது.

வரும் வழியில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, கிழித்துக் கீழே ஓடும் உப்பங்கழியில் போட்டேன்.

பிப்ரவரி 18

விடமாட்டேன் என்கிறாள் சுகந்தி. வேறு லேப் ரிப்போர்ட் செல்லாதாம், ஆஸ்பத்திரியிலேயே கொடுக்க வேண்டுமாம். வீட்டில் எடுத்து டப்பாவில் கொண்டுவரலாம். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், குளிரக் கூடாது, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மூடியில் என் பெயர் எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவை அவளே வாங்கி வந்து சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

தேசிங்கு அண்ணனிடம் பேசினேன். இரண்டு பெண் பிள்ளைகள் பெற்றவர். இரண்டும் எண்ணெய் வருவதற்கு முன்னால் பிறந்தவை. அவரிடம் இல்லாததா? நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கா இந்த மூஞ்சி? ரெண்டு பெத்தவன் சரக்குடா. குடுத்தாலே அந்த டாக்டரு எழுந்து நின்னு சலாம் போடுவா."

"யாருக்கும் தெரியக் கூடாதுணா."

"எனக்கே தெரியாது, போ."

பிப்ரவரி 20

காலையில் அவர் வீட்டுப் பின்புறம் போய் வாங்கினேன். மூடியில் என் பெயர். "கையிடுக்குல வச்சிக்க. ஒரு புள்ளய தூக்கினு போற மாதிரி போடா" என்றார். சட்டைக்குள், கையிடுக்கில் வைத்து, ஒற்றைக் கையால் வண்டி ஓட்டினேன். மேம்பாலத்தில் போலீஸ் மறித்து, சட்டைக்குள் என்ன என்றார். மருந்து என்றேன்.

பிப்ரவரி 24

இன்று என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். ஐம்பது வயது இருக்கும், கத்திப் பேசாதவர். "தேடித் தேடிப் பார்த்திருக்காங்க, எத்திராஜ். ரெண்டோ மூணோ இருக்கு. அதுவும் அசையல" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அது தேசிங்கு அண்ணனுடையது. இரண்டு பெற்றவருடையது. அது நானில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், அப்படியானால் உன்னுடையது எங்கே என்று கேட்பார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னேன். டேங்க், கசடு, வாளி. வேலை முடிந்து எதில் கழுவுவீர்கள் என்று கேட்டார். டீசலில் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"எண்ணெய எடுக்க எண்ணெயேவா? டீசல் அழுக்க மட்டும் எடுக்காதுப்பா. தோல் வழியா அதுவும் உள்ள போகும்." அப்புறம், "இதுதான் காரணம்னு ஒருத்தர் ரிப்போர்ட்ட வச்சு நான் எழுத முடியாது. ஆனா கச்சா எண்ணெய் ஆவியிலயும் கசடுலயும் வேலை செய்யறவங்களுக்கு விந்தணு குறையுது, உருவம் கெடுதுன்னு ஆராய்ச்சி இருக்கு. டேங்க் சூடு வேற. நாலஞ்சு மாசம் அந்த வேலைய விட்டுட்டு வாங்க, திரும்பவும் பார்ப்போம். நிறைய பேருக்குத் திரும்பி வரும்" என்றார்.

பின்னால் வரிசையில் நின்றவன் கதவைத் தட்டினான். ரிப்போர்ட்டை மடித்து ஜட்டிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுகந்தி மார்க்கெட்டில் இருந்து வந்து கூடையை இறக்குவதற்கு முன்பே, "இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"நார்மல்."

அவள் முகம் விழுந்துவிட்டது. என் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்றால் சந்தோஷப்படுவாள் என்று எப்படி நினைத்தேன்? தலைகீழாக இருந்த கூடையை நிமிர்த்தி வைத்தாள், மறுபடியும் கவிழ்த்தாள். "அப்ப எங்கிட்டதான்" என்றாள். அம்மா அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவ வேண்டிய பாத்திரம் அத்தனை இல்லை.

சாயங்காலம் தேசிங்கு அண்ணன் கண்ணடித்தார். "பாஸா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ணா."

வேறு என்ன சொல்ல முடியும்? உங்களிடம் ஒன்றுமில்லை என்றா? அவராகவே இனாமாகக் கொடுத்தார். கொடுத்தவரிடம் குறை சொல்வார்களா?

மார்ச் 16

சுகந்தியிடம் அந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்றேன். கூட்டம், நாற்றம், மதிப்பே இல்லை என்றேன். நாட்டு மருந்து பார்க்கலாம் என்றேன். தலையாட்டினாள். குறை தன்னிடம் என்று ஆன பிறகு அவள் என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. முன்பு உப்பு அதிகம் என்றால், "வேணும்னா துன்னு, வேணாம்னா போ" என்பாள். இப்போது எழுந்து போய்க் குழம்பில் தண்ணீர் ஊற்றுகிறாள். எனக்கு அந்தப் பழைய சுகந்தி வேண்டும். கேட்க முகம் இல்லை.

மார்ச் 30

தேசிங்கு அண்ணனின் மனைவி புனிதா அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். அண்ணனுக்கு மூன்றாவதாக ஒரு ஆண் பிள்ளை வேண்டும். இரண்டு மூன்று வருஷமாகத் தங்கவில்லை. இதுவரை கடவுள் விட்ட வழி என்று இருந்தவர், போன மாதத்தில் இருந்து ஆடுகிறாராம்.

"'எங்கிட்ட கொற இல்ல, ஆஸ்பத்திரியிலயே சொல்ட்டாங்க'ன்றாரு சுகந்தி. எப்ப போனாரு, எந்த ஆஸ்பத்திரி, கேட்டா அடிக்க வர்றாரு. எங்க சின்னம்மா பொண்ண ரெண்டாவதா கட்டிக்கிறேன்னு சொல்லினு கீறாரு."

சுகந்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "எங்க வூட்டுலயும் அதான்க்கா. அவருக்கு நார்மல்" என்றாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். வெளியே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஏப்ரல் 21

பக்கத்து வீட்டில் வளைகாப்பு. சுகந்திதான் பந்தல்காரனைக் கூப்பிட்டாள், ஐந்து வகைச் சாதமும் அவள்தான் கிளறினாள். வளையல் போடும் நேரத்தில் அவளைப் பின்கட்டுக்கு இலை எடுத்துவர அனுப்பினார்கள். எல்லாரும் போட்டு முடிக்கும்வரை அந்த இலை யாருக்கும் தேவைப்படவில்லை.

மே 9

ஒரு விஷயம். இப்போதெல்லாம் நான் டேங்க்குக்குள் போவதில்லை. துளைக்கு வெளியே நின்று வாளி வாங்கிக் கொட்டுகிறேன். முட்டி வலி என்று சொல்லியிருக்கிறேன். என் இடத்தில் தேசிங்கு அண்ணன் இரண்டு பங்கு நேரம் உள்ளே நிற்கிறார். "சின்னப் பையன், முட்டி தேஞ்சிட்ச்சி. நம்ம ஒடம்பு இரும்புடா" என்று சொல்லிக்கொண்டே போகிறார்.

டீசலையும் விட்டுவிட்டேன். தவிடும் சோப்பும் போட்டுத் தேய்க்கிறேன். பாதிதான் போகிறது. "இன்னாடா, மாப்பிள்ள சோப்பா?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 12

நல்ல முகமூடி வேண்டும் என்று கோதண்டத்திடம் கேட்டேன். "குடுத்ததையே மூச்சு முட்டுதுன்னு கழட்டிக் கடாசுறீங்க. வெளிய நிக்கிறவனுக்கு எதுக்குடா மாஸ்க்கு?" என்றார். கேட்ட கேள்வியில் ஞாயம் இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 27

ஆடி ஞாயிறு. அம்மன் கோயிலில் மண் சோறு.

பிள்ளை இல்லாத பெண்கள் கோயில் தரையில் சோறு போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு வாயால் அள்ளிச் சாப்பிட வேண்டும். அம்மா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். ஒரே ஒரு முறைதான், அதுவும் மெதுவாக.

மஞ்சள் புடவை வரிசையில் சுகந்தி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் புனிதா அக்கா. இரண்டு பிள்ளைகள் பெற்றவள், ஆண் பிள்ளைக்காகக் குனிய வைத்திருக்கிறார்கள். அவளுடைய பெண்கள் தூணைப் பிடித்துக்கொண்டு, அம்மா ஏன் நாய் மாதிரி சாப்பிடுகிறாள் என்று கேட்டார்கள். யாரோ அதட்டினார்கள்.

தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆனாலும் ஊர்க் கால் பட்ட தரை. கூழ் கலந்த சோறு. சுகந்திக்கு முதலில் வரவில்லை. மூக்கு நுனியில் பருக்கை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கக் கை இல்லை. என்னைத் தேடி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடியும் குனிந்தாள்.

தேசிங்கு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "பாவமாத்தான் கீதுடா. இன்னா பண்றது, அவங்க கொற" என்றார்.

எனக்கு என்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. கற்பூரம் காட்டினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 30

சுகந்திக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "நீ கஞ்சி வச்சா நல்லாத்தான் கீது" என்றாள். தட்டைக் கழுவினேன், தரை துடைத்தேன், அவள் துணியைத் துவைத்தேன். குப்பத்தில் யார் பார்த்தாலும் நல்ல புருஷன் என்பார்கள்.

ஆகஸ்ட் 2

காய்ச்சல் நிற்கவில்லை என்று, நான் வேலைக்குப் போன பிறகு அவளாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கே. வராந்தாவில் டாக்டரம்மா எதிரே வந்திருக்கிறார். ஆளை அடையாளம் கண்டுகொண்டு கேட்டிருக்கிறார்: உங்கள் வீட்டுக்காரர் அந்த வேலையை விட்டாரா? மறுபடி ஏன் வரவில்லை?

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சுகந்தி நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டோ மூணோன்னாங்களாமே. நீ நார்மல்னு சொன்ன."

எனக்கு வாயில் வந்தது என்ன தெரியுமா? மன்னிப்பு இல்லை. "அது என்னுது இல்ல" என்றேன். ரோஷமாகச் சொன்னேன். என் மேல் யாரோ வீண்பழி போட்ட மாதிரி.

"அப்ப யாருது?"

சொன்னேன். தேரடி லேப்பைச் சொன்னேன், கழியில் கிழித்துப் போட்டதைச் சொன்னேன், டப்பாவைச் சொன்னேன். எனக்குக் கொஞ்சமாவது இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கத்தவில்லை. இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமத்தான் புனிதாக்கா எம்பக்கத்துல மண்ணுல மூஞ்சி வச்சிச்சா?"

புடவையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டாள். கதவில் குறுக்கே நின்று, "வேணாம் சுகந்தி, ஆம்பள மானம் போயிடும்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாங்க துன்னது சோறு இல்லய்யா. உங்க மானத்ததான் துன்னோம். இன்னும் நாறுது வாயி. நவுரு."

நகர்ந்தேன்.

ஆகஸ்ட் 3

தேசிங்கு அண்ணன் வந்தார். அடிப்பார் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். அடிக்கவில்லை. வாசலில் கவிழ்த்துக் கிடந்த படகு மேல் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமே இல்லியா?"

"ரெண்டு மூணு, அதுவும்..."

"உனக்கு?"

"கொஞ்சம் கீதுணா."

"கொஞ்சம் கீது" என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அதனாலதான் முட்டி வலியா?" என்று கேட்டார்.

நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் எழுந்து போகும்போது, "யார்ட்டயும் சொல்லாத" என்றார்.

ஆகஸ்ட் 25

சுகந்தி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். போன வாரம் என்னுடையதையே கொடுத்தேன். டப்பாவை அவள்தான் கையில் வாங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முகம் மலர்ந்தார். "பரவாயில்லையே! ஒண்ணுமே இல்லாத இடத்துல இவ்வளவு வந்திருக்கு. வேலைய விட்டுட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"இல்லையா?" நெற்றியைச் சுருக்கினார். "அங்க இருந்துகிட்டே கூடியிருக்குன்னா, எண்ணெய் காரணம் இல்லையோ என்னவோ..." என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

எழுதிக்கொண்டிருந்த பேனாவைப் பார்த்தேன். டேங்க் நிரபராதி என்று எழுதிக்கொண்டிருந்தது. அதற்குச் சாட்சி நான். தேரடி லேப்பில் இருந்த அதே அளவுதான் இன்றைக்கும் எனக்கு. வெளியே நின்றதால் ஒரு புண்ணியமும் இல்லை, ஆவி துளை வழியாகத்தானே வருகிறது. இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் முதல் டப்பா யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். கோதண்டத்துக்குக்கூட இப்படி ஒரு உதவியை நான் தெரிந்து செய்திருக்க மாட்டேன்.

"டாக்டர், எழுதாதீங்க" என்றாள் சுகந்தி. "மொத தபா குடுத்தது இவருது இல்ல. கூட வேல செய்றவருது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கத்திப் பேசி இன்றுதான் கேட்டேன். ஒரு பெயரில் இரண்டு ஆள், இதை வைத்து யாருக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். கொஞ்சம் ஆறியபின், "இரு. அப்போ ரெண்டு பேருக்குமே இல்லை. எத்தனை பேர் நீங்க?" என்றார்.

"ஏழு பேர்."

"ஏழு பேரும் வாங்க. அவங்கவங்க பேர்ல குடுங்க. தொழிலையும் எழுதுங்க. அப்பத்தான் நான் மேல எழுதிக் கேட்க முடியும்."

செப்டம்பர் 4

மூன்று நாளைக்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தேசிங்கு அண்ணன் பெயரை மட்டும் விட்டுவிட்டு. ஐந்து பேரும் முதலில் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் கேட்டார்கள். இரண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நான் தேசிங்கு அண்ணனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இவனுக்கு இல்லன்னா எண்ண இன்னாடா பண்ணும்?" என்றார்.

சிரித்தார்கள். எப்படிச் சிரித்தார்கள்! வேலை செய்து அலுத்தவர்களுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்ததோ.

விஷயம் கோதண்டத்தின் காதுக்குப் போயிற்று. என்னை வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். மற்றவர்களிடம், "இனிமே புள்ள பெத்து முடிச்சவன மட்டும் எடுக்கறேன், போதுமா?" என்றாராம். மறுநாளே குப்பத்தில் இருந்து நாலு பேர், எனக்கு இரண்டு, எனக்கு மூன்று என்று சொல்லிக்கொண்டு கேட்டில் போய் நின்றார்கள்.

செப்டம்பர் 9

மாமன் படகில் போகிறேன். மீன் இல்லை. இன்றைக்குக் குழம்பில் உப்பு போதவில்லை என்று நான் சொன்னதற்குச் சுகந்தி, "டப்பா அங்கதான் கீது, போட்டுக்க" என்றாள். இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 15

விடிந்ததும் நிச்சயமான இரண்டு பேரில் ஒருவன் வந்தான். துண்டில் சுற்றி எதையோ சட்டைக்குள் வைத்திருந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, நீ எப்டியும் ஆஸ்பத்திரி போவ. இத உன் பேர்லயே குடுத்துடு. எனக்குச் சும்மா தெரிஞ்சா போதும்" என்றான்.

அவன் போவதற்குள் இன்னொருவன். அவனும் என் பெயரில்தான். அப்புறம் மூன்றாவது ஆள். கேலி செய்து சிரித்ததில் பெரிய சத்தம் இவனுடையதுதான். எல்லாருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். யாருக்கும் பெயர் கிடையாது. விட்டால் அந்த ஆஸ்பத்திரியில் எத்திராஜ் என்ற ஒருவனுக்கே குப்பத்து மொத்தக் குறையும் எழுதப்பட்டிருக்கும்.

சுகந்தி வாசலில் வந்து நின்றாள். கையில் பேனா. "பேரச் சொல்லு, எழுதறேன். இல்லன்னா எடுத்துனு போ" என்றாள். மூன்று பேரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் போகிற வழியில் கழியில் வீசினான்.

செப்டம்பர் 16

தேசிங்கு அண்ணன் வந்தார். அவருக்குப் பின்னால் புனிதா அக்கா. அவர் என்னைப் பார்க்காமல் டப்பாவை நீட்டினார்.

"ஏற்கெனவே உன் பேர்லதான கீது. அப்டியே போவட்டும்."

"எழுது சுகந்தி" என்றாள் புனிதா அக்கா. "தேசிங்கு. வயசு முப்பத்தெட்டு. தொழிலு, எண்ண டேங்க்கு வார்றது."

அவர் டப்பாவைத் திரும்ப இழுப்பார் என்று பார்த்தேன். கை கொஞ்சம் நகர்ந்தது. புனிதா அக்கா கணவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுகந்தி எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து, மூடியில் ஒட்டி, விரலால் அழுத்தி, சுகந்தி அதை என் கையில் கொடுத்தாள்.

"நீயும் வாண்ணா" என்றேன். தலையாட்டினார், வரமாட்டேன் என்று. பெயர் வருகிறதே, அதற்கு மேல் இன்றைக்கு அவரால் முடியாது.

சட்டைக்குள், கையிடுக்கில் வைத்துக்கொண்டேன். உள்ளே உயிரோடு ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் குளிர்ந்துவிடக் கூடாதே என்று வண்டியை வேகமாக ஓட்டினேன்.